கணினியில் கோப்புக் காணவில்லை என்றால்



வீட்டுக் கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். வழக்கமாக வரும் படம் வரவில்லை. கறுப்புத் திரையிலோ நீலத் திரையிலோ ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நிற்கிறது. இன்ன பெயருடைய கோப்பைக் காணவில்லை, அல்லது அது கெட்டுவிட்டது, ஆகவே மேற்கொண்டு இயங்க முடியாது என்பது அதன் பொருள். உடனே வீட்டில் மூன்று விதமான பேச்சு எழும். "இவன்தான் எதையோ தட்டிட்டான்" என்பார் தந்தை. "பொட்டி போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும்" என்பார் பாட்டி. "கடையிலே குடுத்து ஃபார்மட் பண்ணிடலாண்ணே, ஒரு மணி நேர வேலை" என்பார் பக்கத்து லயத்துத் தம்பி. இந்த மூன்றும் பெரும்பாலும் தவறானவை. அவற்றுள் மூன்றாவதுதான் அதிக நட்டம் தரக்கூடியது. அது ஏன் என்பதையும், அந்த ஒற்றை வரிக்கு நாமே செய்துகொள்ளக்கூடிய வைத்தியம் என்ன என்பதையும் இன்று பார்ப்போம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் வீட்டுக்குள் வந்தது. கைத்தொலைபேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் படித்த வீடுகள் தோட்டப்புறங்களில் உண்டு. எப்படியோ பணம் புரட்டி ஒரு பழைய மடிக்கணினியாவது வாங்கிவிட வேண்டும் என்று பல குடும்பங்கள் முயன்றதும் அப்போதுதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. நல்ல மடிக்கணினி ஒன்றின் விலை அதை எட்டும், தாண்டவும் செய்யும். ஆகவே, திரையில் நிற்கும் ஒரு வரிக்குப் பயந்து ஒரு மாத உழைப்பைத் தூக்கிப் போடுவதா என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய கேள்வி அன்று.

முதலில், கணினிக்குள் இருக்கும் கோப்புகள் இரு வகை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு வகை, அமைப்புக் கோப்புகள். விண்டோஸ் என்னும் இயங்குதளத்தைச் செய்த மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்தவை இவை. கோலா தெர்லாவில் இருக்கும் கணினியிலும், கோலாலம்பூரில் இருக்கும் கணினியிலும், சென்னையில் இருக்கும் கணினியிலும் ஒரே பதிப்பு விண்டோஸ் இருந்தால் இக்கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஒன்று கெட்டால் அதே போன்ற இன்னொன்றை அவ்விடத்தில் வைத்துவிடலாம். ஒரு குறையும் நேராது. மற்றொரு வகை, நம்முடைய சொந்தக் கோப்புகள். மகள் எஸ்பிஎம் தேர்வுக்கு எழுதிவைத்த குறிப்புகள், அக்காள் கல்யாணப் படங்கள், ஊழியர் சேமநிதிக் கணக்கின் நகல், தாத்தா கலந்துகொண்ட கடைசிப் பொங்கலின் காணொளி. உலகத்தில் வேறு எந்தக் கணினியிலும் இவை இல்லை. போனால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் திருப்பித் தர முடியாது.

ஃபார்மட் செய்வது என்றால் தட்டில் இருக்கும் அனைத்தையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. எங்கும் கிடைக்கக்கூடிய பொருள் ஒன்று கெட்டதற்காக, எங்குமே கிடைக்காத பொருளையும் சேர்த்து அழிக்கிற வேலை அது. கடைக்காரருக்கு அது சுலபம். நோய் எதுவென்று ஆராய வேண்டிய பொறுமை அதில் தேவையில்லை. அதனால்தான் அது முதல் பேச்சாக வருகிறது.

சரி, ஒரே ஒரு கோப்பு இல்லாததற்கு முழுக் கணினியும் ஏன் நிற்க வேண்டும்? தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு ஒன்றுதான். அவரவர் கூடையோடு ஆளுக்கொரு தராசையும் சுமந்து வருவதில்லை. கணினியிலும் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கருவிகள் உண்டு. எழுத்தைத் திரையில் காட்டுவது, கோப்பைச் சேமிப்பது, அச்சுப்பொறியோடு பேசுவது போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே செய்துகொள்வதில்லை. இப்பொதுக் கருவிகளை டிஎல்எல் என்ற குறிப்போடு முடியும் பெயருடைய கோப்புகளில் வைத்திருக்கிறார்கள். தராசு காணாமற்போனால் கூடை நிறையக் கொழுந்து இருந்தும் கணக்கு எழுத முடியாது அல்லவா? அதே கதைதான்.

பொதுப் பொருள் என்றால் அதற்கே உரிய தொல்லையும் உண்டு. விண்டோஸின் பழைய பதிப்புகளில், புதிதாகப் போடும் ஒரு நிரல் தன்னோடு கொண்டுவந்த பழைய டிஎல்எல்லைப் பொதுவிடத்தில் இருந்த புதியதன்மேல் வைத்துவிட்டுப் போய்விடும். வந்தவர் சொந்தத் தராசை மாட்டிவிட்டுப் பொதுத் தராசைக் கழற்றிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. கணினித் துறையினர் இதை டிஎல்எல் நரகம் என்றே அழைத்தார்கள். விண்டோஸ் 98 பதிப்பில் அமைப்புக் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவி ஒன்று சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 2000 பதிப்பிலிருந்து முக்கியமான கோப்புகளை வேறு நிரல்கள் மாற்றாதபடி காவலும் போடப்பட்டது. இன்று நம் வீட்டுக் கணினியில் இருப்பது அந்தக் கருவியின் வழிவந்ததுதான். அதை எப்படி இயக்குவது என்று சற்று நேரத்தில் சொல்கிறோம்.

காவல் இருந்தும் கோப்பு ஏன் கெடுகிறது? நம் மலைப்பகுதியில் முதலில் சொல்ல வேண்டியது மின்தடை. கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் அமைக்கப்பட்ட சிறு மின்நிலையங்களுள் ஒன்று கோலா தெர்லாவிலேயே உண்டு. ஆனால் மின்நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று இடியும் மின்னலும் நமக்குச் சலுகை காட்டுவதில்லை. கணினி ஒரு கோப்பைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், அக்கோப்பு பாதியோடு நிற்கக்கூடும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் கெடுதல் அதிகம். "அணைக்க வேண்டாம்" என்று திரையில் எழுதியிருக்கும்போது, நேரமாகிறதே என்று பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதும் மின்தடைக்குச் சமானம். மடிக்கணினியில் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும். இரண்டாவது காரணம் தட்டு பழசாகிப் போவது. வைரஸ், திருட்டு விண்டோஸைத் திறக்கப் பயன்படுத்தும் கள்ளக் கருவிகள், இடம் போதவில்லையென்று கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பது, இவையும் உண்டு.

சில சமயம் நம் பங்கு எதுவுமே இல்லாமலும் நேரலாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை உலகமே அதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், மலேசிய நேரம் நண்பகல் 12.09 மணிக்குத் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை இணையம் வழியே அனுப்பிற்று. அதில் பிழை இருந்தது. 20 விவரங்கள் மட்டுமே கையில் இருந்த நிரலை, 21ஆவது விவரத்தை எடுத்துப் பார்க்கும்படி அந்தக் கோப்பு செய்துவிட்டது. இல்லாத இடத்தில் கைவிட்ட நிரல் நிலைகுலைந்தது. அந்நிரல் விண்டோஸின் அடித்தளத்திலேயே இயங்குவது. ஆதலால் அது விழுந்தபோது விண்டோஸும் விழுந்தது. நீலத் திரை வந்தது. மீண்டும் தொடங்கினால் மீண்டும் அதே நீலத் திரை.

நிறுவனத்தார் 78 நிமிடங்களில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டில் ஏர் ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். கேடிஎம் இரயில் சேவையின் பயணச்சீட்டு முறையும் தடைப்பட்டது. இந்தியாவில் விமானப் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது, அதைச் சரிசெய்த விதம். கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பிழையான அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு, மறுபடியும் தொடங்கினார்கள். அவ்வளவே. இத்தனை பெரிய விபத்துக்கும் வைத்தியம் ஒரு கோப்பின் அளவில்தான் இருந்தது. ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து அதைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. பல கணினிகளில் இன்னொரு பூட்டும் குறுக்கே வந்தது. பிட்லாக்கர் என்னும் அந்தப் பூட்டு, திருடர்கள் தட்டைக் கழற்றிப் படித்துவிடாமல் இருப்பதற்காகப் போடப்படுவது. பழுதுபார்க்கும் நேரத்தில் அதற்கு 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். எண் கைவசம் இல்லாதவர்கள் திண்டாடிப் போனார்கள்.

கிரவுட்ஸ்டிரைக் நிரலை வீடுகளில் யாரும் வைத்திருப்பதில்லை. ஆனால் அந்தப் பூட்டு வீட்டுக் கணினியிலும் இருக்கலாம். அண்மைக் கால விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழையும்போது அது தானாகவே போட்டுக்கொள்கிறது. வாங்கியவருக்கே தெரியாது. சாவி எண் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே கைத்தொலைபேசி வழியாக மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் சென்று, அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கடை வைத்துக் கொடுத்தவருடைய மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருந்தால், அதை இன்றே விசாரித்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். திரையில் வந்த வரியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பென் டிரைவ், நினைவக அட்டை முதலிய வெளிக்கருவிகள் செருகியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் "என்டிஎல்டிஆர் காணவில்லை" என்ற செய்தியைக் கண்டு கலங்கியவர்கள் பலர். முதல்நாள் இரவு செருகிய நெகிழ்தட்டை எடுக்காமல் விட்டதுதான் பல வீடுகளில் காரணம். கணினி தன் சொந்தத் தட்டை விட்டுவிட்டு, அந்த நெகிழ்தட்டில் விண்டோஸைத் தேடிற்று. இன்றும் சில கணினிகள் பென் டிரைவைப் பார்த்து அப்படியே ஏமாறுகின்றன.

கணினி திறந்துகொண்டால், மற்ற எதையும் செய்வதற்கு முன் சொந்தக் கோப்புகளை வெளியே எடுங்கள். பென் டிரைவிலோ வெளித்தட்டிலோ நகல் செய்யுங்கள். இணையம் இருந்தால் இணையச் சேமிப்பிலும் ஏற்றலாம். கெட்டுக்கொண்டிருக்கும் தட்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழுதுபார்க்கும் வேலை அதற்கு இன்னும் பளு ஏற்றும். வீடு ஒழுகினால் முதலில் அரிசியை நகர்த்திவிட்டுத்தானே கூரையில் ஏறுகிறோம்?

அடுத்து, அந்தச் செய்தி எப்போது வருகிறது என்று பாருங்கள். கணினி முழுவதும் ஒழுங்காக நடக்கிறது, ஒரு குறிப்பிட்ட நிரலைத் திறக்கும்போது மட்டும் வருகிறது என்றால் விண்டோஸில் கோளாறு இல்லாமல் இருக்கலாம். விசிரன்டைம் 140, எம்எஸ்விசிபி 140 என்ற பெயர்கள் அடிக்கடி தென்படும். விளையாட்டு நிரல்களிலும் படம் வரையும் நிரல்களிலும் இது சாதாரணம். இவை விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்னும் துணைத் தொகுப்பைச் சேர்ந்த கோப்புகள். அத்தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தன் சொந்த இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. 32 பிட், 64 பிட் என இரு வடிவம் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. இல்லையென்றால் அந்த நிரலை மட்டும் நீக்கிவிட்டு மறுபடியும் போடலாம்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஒரு பொறியில் விழுகிறார்கள். காணாமற்போன கோப்பின் பெயரை இணையத்தில் தேடினால், "இதோ அந்தக் கோப்பு, இறக்கிக்கொள்ளுங்கள்" என்று கூவி அழைக்கும் தளங்கள் பல வந்து நிற்கும். அங்கே எடுக்கும் கோப்பு எந்தப் பதிப்பைச் சேர்ந்தது, உள்ளே எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. பொதுத் தராசு காணவில்லையென்று வழியில் போகிறவனிடம் தராசு வாங்கி மாட்டுவோமா? மாட்டினால் அன்று முதல் எல்லாருடைய கணக்கும் அவன் கையில்.

ஒரு நிரலில் மட்டுமல்லாமல் விண்டோஸே அங்கங்கே தடுமாறுகிறது, தொடக்க மெனு திறக்கவில்லை, அமைப்புப் பக்கம் மூடிக்கொள்கிறது, நீலத் திரை அடிக்கடி வருகிறது என்றால், முன்னே சொன்ன கருவியை எடுக்க வேண்டும். அது கணினிக்குள்ளேயே இருக்கிறது. காசு இல்லை.

அது செய்யும் வேலை என்ன? மாதக் கடைசியில் கிராணியார் செக்ரோலைக் கூட்டிப் பார்ப்பார். ஓர் எண் மாறியிருந்தாலும் கூட்டுத்தொகை ஒத்துவராது. அதுபோல, ஒவ்வோர் அமைப்புக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட ஓர் எண் விண்டோஸிடம் பதிவாகியிருக்கிறது. கருவி ஒவ்வொரு கோப்பையும் எடுத்து அந்த எண்ணை மறுபடியும் கணக்கிடும். ஒத்துவராத கோப்பு கெட்டது. உடனே அதற்கு மாற்றுக் கோப்பைக் கணினிக்குள் இருக்கும் ஒரு சேமிப்பு அறையிலிருந்து எடுத்து வைக்கும். தோட்டத்து ஸ்டோரில் உதிரிப் பாகங்கள் இருப்பதுபோல விண்டோஸும் தனக்கென ஒரு ஸ்டோர் வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்டோரில் இருக்கும் பாகமே துருப்பிடித்திருந்தால்? அப்போது தலைமையகத்திலிருந்து புதிதாக வரவழைத்து ஸ்டோரை நிரப்ப வேண்டும். அதற்கு இரண்டாவது கருவி ஒன்று உண்டு. ஆகவே முதலில் ஸ்டோரைச் சரிசெய்துவிட்டு, அதன்பின் கோப்புகளைச் சரிபார்ப்பதே முறை. மைக்ரோசாஃப்டும் அந்த வரிசையைத்தான் சொல்கிறது.

பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்கிறோம்.

தொடக்கப் பொத்தானை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்று ஒரு பெயர் வரும். அதன்மேல் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். கறுப்புப் பலகை ஒன்று திறக்கும். அதில் இப்படி அடிக்க வேண்டும்: டி, ஐ, எஸ், எம். ஓர் இடைவெளி. சாய்கோடு, அதை ஒட்டி ஆன்லைன் என்ற சொல். இடைவெளி. மறுபடியும் சாய்கோடு, கிளீனப் என்ற சொல், சிறு கிடைக்கோடு, இமேஜ் என்ற சொல், மூன்றும் ஒட்டியபடி. இடைவெளி. சாய்கோடு, ரெஸ்டோர், ஹெல்த் என்ற இரு சொற்களும் இடைவெளியின்றி ஒன்றாக. பிறகு என்டர். சாய்கோடு என்று நாம் சொல்வது, விசைப்பலகையில் கேள்விக்குறி இருக்கும் அதே விசையில் உள்ளது. மறுபக்கம் சாய்ந்த கோடு இன்னொன்று இருக்கிறது, அது வேண்டாம்.

இந்த முதல் கட்டளைக்கு இணையம் தேவை, ஏனெனில் தலைமையகச் சரக்கு அவ்வழியேதான் வருகிறது. சதவீதக் கணக்கு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். நின்றுவிட்டது என்று எண்ணி மூடிவிடாதீர்கள். மடிக்கணினியை மின்சாரத்தில் செருகிவிட்டு, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். வேலை முடிந்தது என்ற செய்தி வந்தபின் இரண்டாவது கட்டளை. எஸ், எஃப், சி. ஓர் இடைவெளி. சாய்கோடு. அதை ஒட்டி ஸ்கேன், நவ் என்ற இரு சொற்களும் ஒன்றாக, அதாவது எஸ், சி, ஏ, என், என், ஓ, டபிள்யூ. நடுவில் என் என்ற எழுத்து இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். பலர் ஒன்றை விட்டுவிட்டுக் கணினியைத் திட்டுகிறார்கள்.

முடிவில் வரும் செய்தி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கெட்ட கோப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கெட்ட கோப்புகள் இருந்தன, சரிசெய்தோம் என்றால் மகிழ்ச்சி, கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றால், தொடங்கிவிட்டு இரண்டு கட்டளைகளையும் மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். இவை நம் சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் சரிசெய்த கோப்புகள் சில நாட்களிலேயே திரும்பவும் கெட்டால், அது கோப்பின் நோய் அன்று. தட்டோ நினைவகமோ தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் எத்தனை முறை கட்டளை கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நகல் எடுத்துக்கொண்டு, தட்டை மாற்றுவதே வழி. கணினி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

கணினி திறக்கவே மறுத்தால்? விண்டோஸ் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடங்கத் தவறினால், தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். நீலப் பின்னணியில் சில கட்டங்கள் தோன்றும். டிரபிள்ஷூட் என்பதையும், பிறகு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்பதையும் தேர்ந்தெடுத்தால் ஸ்டார்ட்டப் ரிப்பேர் என்று ஒன்று இருக்கும். அதை முதலில் செய்து பாருங்கள். அதனருகிலேயே, அண்மையில் போட்ட புதுப்பிப்பை நீக்கும் வழியும், முன்பிருந்த ஒரு நாளின் நிலைக்கு விண்டோஸைத் திருப்பும் வழியும் இருக்கும். புதுப்பிப்புக்கு மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால் இவை நன்றாக உதவும். முன்னே சொன்ன 48 இலக்க எண்ணை இந்தத் திரைதான் கேட்கும்.

அந்தத் திரையும் வராவிட்டால் வேறொரு நல்ல கணினி தேவை. பள்ளியிலோ உறவினர் வீட்டிலோ இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி அளவுள்ள பென் டிரைவில் விண்டோஸ் நிறுவும் தொகுப்பை ஏற்றிக்கொள்ளலாம். அந்த பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துபோகும். அதைக் கொண்டு நோயாளிக் கணினியைத் தொடங்கினால் பழுதுபார்க்கும் திரை கிடைக்கும். "ரிப்பேர்" என்பதை அழுத்துங்கள், "இன்ஸ்டால்" என்பதை அவசரப்பட்டு அழுத்திவிட வேண்டாம்.

விண்டோஸை மறுபடியும் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், எல்லாவற்றையும் அழித்துத்தான் போட வேண்டும் என்பதில்லை. கணினி ஓரளவு திறந்துகொள்ளுமானால், விண்டோஸ் 11 பதிப்பின் அமைப்புப் பக்கத்தில் ரிகவரி என்ற பகுதியில், புதுப்பிப்புச் சேவையைக் கொண்டு அதே விண்டோஸைத் திரும்ப நிறுவும் வழி இருக்கிறது. நிரல்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். "ரீசெட்" என்ற வழியில் "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாம் போட்ட நிரல்கள் போய்விடும், சொந்தக் கோப்புகள் நிற்கும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பது பெயருக்கேற்ப எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். இணையத்திலிருந்து இறக்கும் முறைக்கு 4 ஜிபிக்கும் மேல் தரவு செலவாகலாம். கைத்தொலைபேசித் தரவை நம்பியிருப்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினிகளில் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இங்கே சொன்ன இரண்டு கட்டளைகளும் விண்டோஸ் 10இலும் உண்டு. குரோம்புக் எனப்படும் கணினி வைத்திருப்பவர்களுக்கு இப்பேச்சு பொருந்தாது. அதில் விண்டோஸே இல்லை. அது ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும்.

நீலத் திரையைப் போலவே வேடமிட்டு வரும் மோசடித் திரையும் உண்டு. இணையத்தில் உலாவும்போது திடீரென்று சத்தத்தோடு ஓர் எச்சரிக்கை வரும். உங்கள் அமைப்புக் கோப்புகள் கெட்டுவிட்டன, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. எண்ணைக் கண்டால் அது பொய் என்று தெரிந்துகொள்ளலாம். அழைத்தால், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் நிரல் ஒன்றைப் போடச் சொல்வார்கள். அடுத்து வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். வீட்டில் யாராவது ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழைக்க வேண்டும். இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இத்தனையும் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதில் குறைவு ஒன்றுமில்லை. போகும்போது, எடுத்துவைத்த படத்தைக் காட்டுங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "அழிப்பதற்கு முன் என்னைக் கேளுங்கள், படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் முதலில் எடுத்துத் தாருங்கள்" என்று சொல்லி, அதை வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். விண்டோஸ் திறக்காவிட்டாலும் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிக் கோப்புகளை எடுக்க முடியும். பூட்டு இருந்தால் அந்தச் சாவி எண் வேண்டும், அவ்வளவே. கூலி எவ்வளவு, கோப்பு எடுப்பதற்குத் தனிக் கூலியா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தட்டை மாற்றினால் பழைய தட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். கெட்டதென்று கடையில் விட்டுவந்த தட்டிலிருந்தும் குடும்பப் படங்களை யாரும் எடுக்க முடியும். வேறொரு நாள், வேறொரு கைதேர்ந்தவரிடம் கொடுத்தால், இன்று வராத படங்கள் அதிலிருந்து வரவும் கூடும்.